கிழிசல் இல்லை

தொழிற்சாலையில் எனக்குச் 'சல்லடை' என்று பெயர் வைத்திருந்தார்கள். என் காதுபடச் சொல்லும் துணிச்சல் யாருக்கும் இல்லை. ஆனாலும் எனக்குத் தெரியும். தெரியாததுபோல் இருந்தேன். உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

மெமரி சிப் செய்யும், தூசி அண்டக்கூடாத கிளீன் ரூமுக்குள் போகிறவர் யாராக இருந்தாலும் என் அறையைக் கடந்துதான் போக வேண்டும். அங்கேதான் சொந்த உடையின் மேல் தலை முதல் கால் வரை மூடுகிற வெள்ளை உடையைப் போட்டுக்கொள்வார்கள். முகத்தில் பவுடர் இருந்தால் கழுவிவிட்டு வரச் சொல்வேன். சிகரெட் பிடித்துவிட்டு வந்தவனை வாய் கொப்பளிக்க வைத்து அரை மணி நேரம் பெஞ்சில் உட்கார வைப்பேன். டைரக்டரையே ஒரு நாள் உட்கார வைத்தேன். அவர் வாட்சைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். கண்ணுக்குத் தெரியாத ஒரு தூசி விழுந்தால் ஒரு சிப் செத்தது. எனக்கு இன்ஜினியர் படிப்பு இல்லை. ஆனால் இந்த ஒன்றை மட்டும் யாரும் எனக்கு இரண்டாம் முறை சொல்ல வேண்டியிருக்கவில்லை.

என் கணவர் முப்பத்தோரு வருஷம் ரயில்வேயில் சிக்னல் பார்த்தவர். அவர் கை வைத்து ஒரு வண்டி தடம் மாறியதில்லை. அவர் போன பிறகும் எங்கள் வீட்டை நோக்கி ஒரு விரல் நீண்டதில்லை. நான் நீளவிடவில்லை. ஒரே மகன். அதே தொழிற்சாலையில் உலைக்கு இன்ஜினியர். சிலிக்கான் தட்டுகளைக் கண்ணாடித் தாங்கியில் அடுக்கி, ஆயிரம் டிகிரி உலைக்குள் விட்டு எடுப்பது அவன் பொறுப்பு. ஆறடி இரண்டங்குலம் என்பதால் 'நெட்டை' என்று கூப்பிடுவார்கள். எனக்கு அது பிடிக்காது. பெற்று வளர்த்தவள் வைத்த பெயர் ஒன்று இருக்கிறது.

நாட்டிலேயே முதல் மெமரி சிப் தொழிற்சாலை அது. இயந்திரங்களில் பாதி வெளிநாட்டில் ஓடித் தேய்ந்தவை. ஒரு தட்டில் முந்நூறு சிப். அதில் நூற்றுக்கு எத்தனை தேறுகிறது என்பதுதான் எங்களுக்கு எல்லாம். முதல் வருஷம் ஒன்று, இரண்டு என்று தொடங்கி இருபத்திரண்டு வரை வந்தோம். அன்றைக்கு கேன்டீனில் ஆண்கள் மேஜைமேல் ஏறி ஆடினார்கள். நானும் கை தட்டினேன்.

பிறகு விழுந்தது. இருபத்திரண்டு பதினான்கானது, பதினான்கு ஏழானது. நான்கு மாதமாக மூன்றுக்கு மேல் எழவில்லை. தண்ணீரை மாற்றினார்கள். காற்று வடிகட்டிகளை மாற்றினார்கள். வாயுக் குழாய்களைக் கழற்றி, கழுவி மாட்டினார்கள். வெளிநாட்டிலிருந்து ஒரு நிபுணர் வந்து மூன்று நாள் சுற்றிப் பார்த்துவிட்டு, "இது உங்க ஊருக்கு ஒத்துவராத தொழில்" என்கிற பொருளில் ஏதோ சொல்லிவிட்டு விமானம் ஏறினார். அரசாங்கக் குழு ஒன்று, இயந்திரங்களை விற்றுவிடலாமா என்று கணக்குப் பார்க்கத் தொடங்கியது. கம்ப்யூட்டர் செய்யும் வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று கடைசி வாய்ப்பாக ஒரு கட்டு கேட்டிருந்தது. இருபத்துநான்கு தட்டுகள். சுமாராகவாவது தேறினால் பேசலாம். இல்லையென்றால் கதவை இழுத்து மூட வேண்டியதுதான். ஆயிரத்து எண்ணூறு பேர் வேலை செய்தோம்.

தேறாத தட்டுகளில் பழுது அதிகமாகத் தெரிந்தது உலைக்குப் போய் வந்த பிறகு. அதனால் எல்லாக் கண்களும் என் மகன்மேல் திரும்பின. அமிலத் தொட்டிகளைப் பார்த்துக்கொள்கிற குள்ளமான ஆள் ஒருவர் உண்டு. எல்லாரும் 'அமிலம்' என்றுதான் சொல்வார்கள், வாயும் அப்படித்தான். அவர் உடை மாற்றிக்கொண்டே எனக்குக் கேட்கும்படி பேசுவார்.

"நான் தட்டைப் பளபளன்னு கழுவிக் குடுக்கிறேன். நெட்டை அதை வாங்கி அடுப்புல வெச்சுத் தீய்ச்சுக் குடுக்கிறான். சமையல் தெரியாதவன் கையில பாத்திரத்தைக் குடுத்தா அப்படித்தான்."

"உங்க பக்கம் ஒழுங்கா இருந்தா நீங்க ஏன் இவ்ளோ சத்தமா பேசறீங்க?" என்று கேட்பேன்.

"அக்கா, நான் பொதுவாச் சொன்னேன்."

"பொதுவா வாயை மூடிக்கிட்டு மாஸ்க் போடுங்க."

இனி, நான் செய்ததைச் சொல்ல வேண்டும். அந்த வெள்ளை உடைகள் நாற்பதுதான் எங்களிடம் இருந்தன. பாலியெஸ்டர் துணி, நூல் உதிராது. அக்குளிலோ தொடையிடுக்கிலோ தையல் விட்டுவிட்டால் அந்த உடையைக் கழித்துவிட வேண்டும் என்பது விதி. புதிய உடைகள் துறைமுகத்தில் ஏதோ ஒரு கையெழுத்துக்காக மாதக்கணக்காகக் கிடந்தன. இங்கே உடைகள் ஒவ்வொன்றாக விட்டுக்கொண்டே வந்தன. விதிப்படி கழித்திருந்தால் பாதிப் பேர் வாசலில் நின்றிருப்பார்கள்.

விதி எழுதியவன் வசதி படைத்தவன், கிழிந்தால் தூக்கிப்போட அவனால் முடியும் என்று நான் நினைத்தேன். கிழிந்ததை உடுத்தியவரும் எங்கள் வீட்டில் இல்லை. கிழிந்தது என்று தூக்கிப்போட்டவரும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் உடைகளை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். ஜன்னலோரம் உட்கார்ந்து நல்ல வெள்ளைப் பருத்தி நூலில் தைத்தேன். என் தையல் சாதாரணமானதில்லை. கண்ணுக்கு நெருக்கமாக வைத்துப் பார்த்தாலும் எங்கே விட்டது என்று சொல்ல முடியாது. தைத்த பிறகு தொழிற்சாலைச் சலவைக்கே திரும்பக் கொடுத்தேன். பதிவேட்டில் ஒவ்வொரு வாரமும் ஒரு பத்தி உண்டு: உடையின் நிலை. நாற்பது உடைகளுக்கும் 'கிழிசல் இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

பொய் என்று எனக்குத் தோன்றவில்லை. தைத்துவிட்டேனே. பிறகு ஒரு கூட்டத்தில் டைரக்டர் எல்லார் முன்னாலும் சொன்னார்: "இந்தம்மா கையில ஒரு உடைகூட வீணாகல. மத்த டிபார்ட்மென்ட் எல்லாம் பார்த்துக் கத்துக்கணும்." நான் எழுந்து நின்று தலையை ஆட்டி ஏற்றுக்கொண்டேன்.

கடைசிக் கட்டு பாதித் தூரம் வந்திருந்தது. ஒரு வியாழக்கிழமை மத்தியானம் மகன் என் அறைக்கு வந்தான். உடை மாற்ற வரவில்லை.

"அம்மா, ஒரு லெட்டர் எழுதிக் குடுத்துட்டேன்."

"என்ன லெட்டர்?"

"உலைப் பழுதுக்கு நான்தான் பொறுப்புன்னு. குழுவுக்கு ஒரு ஆள் வேணும். ஆளைக் காட்டினாத்தான் இந்தக் கட்டை முடிக்க விடுவாங்க. நாளைக்குக் காலையில மூணாவது தடவை உலைக்குப் போகுது. நான் ஏத்தி இறக்கிட்டு, சாவியைக் குடுத்துட்டுக் கிளம்பிடுவேன்."

"தப்பு உன்னுதாடா?"

அவன் பெஞ்சில் உட்கார்ந்தான். அத்தனை உயரமானவன் மடங்கிச் சின்னதாகிப்போனான்.

"தெரியலம்மா. நாலு மாசமாத் தேடறேன். உலையில ஒண்ணும் இல்ல. அப்போ என்கிட்டதான் ஏதோ இருக்கணும்."

அப்படி ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தவனை இந்தத் தொழிலில் இனி யாரும் சேர்க்க மாட்டார்கள். அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். சிக்னல்காரர் மகன் நாட்டின் முதல் தொழிற்சாலையைக் கவிழ்த்தான் என்று தெருவில் பேசுவார்கள். நான் அவனைத் திட்டினேன். என்னைக் கேட்காமல் எப்படிக் கையெழுத்துப் போட்டாய், குடும்பத்துக்கு ஒரு மானம் இருக்கிறது என்று என்னவெல்லாமோ சொன்னேன். அவன் தலையைக் குனிந்துகொண்டே கேட்டுவிட்டுப் போனான்.

அவன் போய் ஒரு மணி நேரம் இருக்கும். மைக்ராஸ்கோப்பில் தட்டுகளைப் பார்க்கிற பெண் வந்தாள். தடித்த கண்ணாடி போட்டிருப்பாள். அதனால் 'கண்ணாடி' என்பார்கள். கையில் ஒரு போட்டோ.

"அம்மா, ஒண்ணு கேக்கணும். கோபப்படக் கூடாது."

"கோபப்படற மாதிரி கேக்காதே."

"இதப் பாருங்க. உலைக்குப் போய்ட்டு வந்த தட்டுல கருகின தடம். எல்லாரும் முடின்னு நினைச்சாங்க. முடின்னா உருண்டையா இருக்கும். இது பாருங்க, தட்டையா, நாடாவை முறுக்கி விட்ட மாதிரி இருக்கு. இது பருத்தி இழைம்மா. உள்ளே பருத்தியே கிடையாது. அப்போ யாரோ கொண்டுபோறாங்க. சட்டை நூல் எதுவும் வெளியே நீட்டிக்கிட்டு இருக்கா, நீங்கதானே பாக்கறீங்க?"

போட்டோவைக் கையில் வாங்கினேன். கறுப்புத் தரையில் வளைந்து கிடந்தது அது. பெரிதாக்கிக் காட்டியிருந்தார்கள். அப்படி ஒரு உருவத்தில் நான் அதைப் பார்த்ததில்லை. ஆனாலும் அது என்ன என்று எனக்கு அந்த நொடியே தெரிந்தது. ஊசியில் கோக்கும் முன் நாக்கால் ஈரப்படுத்தி முறுக்குவேன்.

"என் வாசல் வழியா ஒரு இழை உள்ளே போகாது" என்றேன். "உன் கண்ணாடியைத் துடைச்சுட்டுப் பாரு."

"நான் உங்களைச் சொல்லலைம்மா."

"வேற யாரைச் சொல்றே? இது என் வாசல். போ. வேலையைப் பாரு."

அவள் முகம் சுருங்கிவிட்டது. போட்டோவை வாங்கிக்கொண்டு போனாள். என்னைச் சந்தேகப்படவே அவளுக்குத் தோன்றவில்லை. அதுதான் என்னை அதிகம் சுட்டது.

ஷிஃப்ட் முடிந்து உடைகள் எல்லாம் திரும்பி வந்ததும் கதவைச் சாத்திவிட்டு அலமாரியைத் திறந்தேன். நாற்பதையும் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தேன். இருபத்தொன்பதில் என் தையல் இருந்தது. மகனுடைய உடையில் நான்கு இடம். உயரத்துக்குப் போதாத உடை. கையைத் தூக்கும்போதெல்லாம் அக்குளில் விடும். அவனுடையது என்பதால் இரட்டை நூல் போட்டு, நெருக்கி நெருக்கித் தைத்திருந்தேன். மற்ற யாருக்கும் இரட்டை நூல் போடவில்லை. அவன் அந்தக் கையைத் தூக்கித்தான் தட்டுகளுக்கு மேலாக நீட்டுவான். நான் விரலால் தையலைத் தேய்த்தேன். விரல் நுனியில் வெள்ளையாக ஏதோ ஒட்டியது. ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ஊதினேன். பறந்தது.

என் மகன் நான்கு மாதமாக இரவு பகலாகத் தேடியதை நான் அவன் அக்குளில் தைத்து அனுப்பியிருந்தேன்.

சாயங்காலம் வீட்டில் அவனிடம் சொன்னேன். சுற்றி வளைக்கவில்லை. கேட்டுவிட்டு அவன் என் கையைப் பார்த்தான், முகத்தைப் பார்க்கவில்லை. கத்துவான் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"யார்கிட்டயாவது சொன்னியாம்மா?"

"இல்ல."

"சொல்லாதே."

"என்னடா சொல்றே?"

"நான் கையெழுத்துப் போட்டாச்சு. என் பேரு போயாச்சு. இப்ப நீயும் போய் நின்னா, அம்மாவும் மகனும் சேர்ந்துதான் கவுத்தாங்கன்னு பேசுவாங்க. ஒரு வீட்டுல ஒரு ஆள் போதும்."

"அப்போ நாளைக்குக் காலையில?"

அவன் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்தான்.

"அந்த உடையைப் போட்டுக்கிட்டுத்தானே ஏத்தப் போறே? தெரிஞ்சே ஏத்துவியா?"

"தைக்காதது ஒண்ணை எடுத்துக் குடு, போட்டுக்கறேன்."

"உனக்கு மட்டும் குடுத்தாப் போதுமா? மத்தவங்க இருபத்தெட்டு பேரு?"

"எனக்குத் தெரியலம்மா!" என்றான். அப்போதுதான் குரல் உடைந்தது. "எனக்குத் தெரியல. விட்டுடு."

தட்டில் போட்ட சாப்பாடு அப்படியே இருந்தது. இருவரும் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். வாழ்நாளில் முதல் தடவையாக என்ன செய்வது என்று அவன் என்னைக் கேட்காமலும், நான் அவனுக்குச் சொல்லாமலும் இருந்தோம்.

காலையில் ஷிஃப்டுக்கு ஒரு மணி நேரம் முன்னாலேயே போனேன். தைக்காத பதினொன்றையும் பிரித்து எடுத்து வைத்தேன். அதில் பெரியதைத் தேடினேன். எல்லாமே சின்ன அளவு. சின்ன ஆட்களுடையது, அதனால்தான் கிழியவில்லை. மகன் வந்ததும் ஒன்றைக் கொடுத்தேன். போட்டுப் பார்த்தான். கணுக்கால் வெளியே நின்றது, ஜிப் மார்புக்கு மேல் ஏறவில்லை. நான் முதுகுப் பக்கம் நின்று இழுத்தேன். ஐந்து வயதில் பள்ளிக்கூடச் சட்டை போட்டுவிட்டதுபோல் இழுத்தேன். ஏறவில்லை. அவன் மெதுவாக என் கையை எடுத்துவிட்டான்.

வெளியே ஷிஃப்ட் ஆட்கள் கூடிவிட்டார்கள். கதவைத் தட்டினார்கள். நான் மகனைப் பின்னால் நிறுத்திவிட்டுக் கதவைத் திறந்து, வாசலில் குறுக்கே நின்றேன்.

"இன்னிக்கு யாரும் உள்ளே போகக் கூடாது."

ஒரு கணம் யாருக்கும் புரியவில்லை. பிறகு பின்னாலிருந்து அமிலத்தின் குரல் வந்தது.

"என்னப்பா, சல்லடையே அடைச்சுக்கிச்சா?"

நாலைந்து பேர் சிரித்தார்கள். அந்தப் பெயரை என் முகத்துக்கு நேரே சொன்னது அதுதான் முதல் தடவை.

"டைரக்டரைக் கூப்பிடுங்க" என்றேன்.

"அக்கா, மணி ஆகுது. கட்டு காத்துக்கிட்டு இருக்கு. மகன் லெட்டர் குடுத்துட்டான்னு கோபம் இருந்தா வீட்டுல வெச்சுக்கங்க."

"டைரக்டர் வராம இந்தக் கதவுலேர்ந்து நகர மாட்டேன். என்னைத் தள்ளிட்டுப் போறதுன்னா போங்க."

யாரும் தள்ளவில்லை. டைரக்டர் வேகமாக வந்தார். மூன்று நாளாகத் தூங்காத முகம். நான் என் மகனுடைய உடையை எடுத்து, அக்குளைப் புரட்டி, எல்லாருக்கும் தெரியும்படி இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தேன்.

"இது நான் தைச்சது. பருத்தி நூல். இந்த மாதிரி இருபத்தொன்பது உடை இருக்கு. அஞ்சு மாசமாத் தைக்கறேன். கிழிசல் இல்லைன்னு எழுதினது பொய். உலையில ஒரு பழுதும் இல்ல. நேத்து இந்தப் பொண்ணு காட்டின இழை இதுதான். அவ சரியாச் சொன்னா, நான் அவளைத் திட்டி அனுப்பினேன்."

கண்ணாடி கூட்டத்தில் நின்றிருந்தாள். அவள் முன்னே வந்து உடையை வாங்கி, வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தாள். தையலைத் தேட அவளுக்கே நேரமானது.

"எவ்ளோ நுணுக்கமாத் தைச்சிருக்கீங்க" என்றாள், தன்னையறியாமல். பிறகு வாயை மூடிக்கொண்டாள்.

டைரக்டர் சுவரில் ஒரு கையை ஊன்றி நின்றார். ஆயிரத்து எண்ணூறு பேர் எனக்கு முன்னால் நிற்பதுபோல் இருந்தது. நான் முதுகை வளைக்கவில்லை.

"நூலை உருவிட்டுப் போடலாமா சார்?" என்று யாரோ கேட்டார்கள்.

"கூடாது. ஊசி ஓட்டை வழியா உள்ளே இருக்கறது எல்லாம் வெளியே வரும்" என்றாள் கண்ணாடி.

"நல்லது எத்தனை?" என்றார் டைரக்டர். என்னைப் பார்க்காமல் கேட்டார்.

"பதினொண்ணு. எல்லாம் சின்ன அளவு."

"அப்போ பதினோரு குள்ளமான ஆள் வேணும். இந்தக் கட்டு முடியற வரைக்கும் வேற யாரும் உள்ளே கிடையாது."

ஆட்களைப் பொறுக்கினார்கள். உலைக்கு ஆள் வேண்டியிருந்தது. உலை தெரிந்த மூன்று பேரும் உயரமானவர்கள். தாங்கியைத் தூக்க உயரம் வேண்டும் என்றுதான் அவர்களை எடுத்திருந்தார்கள். கடைசியில் டைரக்டரின் கண் அமிலத்தின்மேல் நின்றது.

"நானா?" என்றார் அவர். "சார், எனக்குக் கழுவத்தான் தெரியும்."

"கத்துக்கங்க."

அமிலம் என் மகனைப் பார்த்தார். நேற்றுவரை அவர் பேசிய பேச்சு எல்லாம் அங்கே இருவருக்கும் நடுவில் நின்றது.

"நெட்டை, நீ சொல்லுவியா?"

"சொல்றேன்" என்றான் மகன். "ஒரு ஸ்டூல் மட்டும் கழுவி உள்ளே எடுத்துக்குங்க."

யாரும் சிரிக்கவில்லை.

உலை அறைக்கு ஒரு கண்ணாடி ஜன்னல் உண்டு. விருந்தினர் நின்று பார்ப்பதற்காக வைத்தது. என் மகன் அதற்கு வெளியே, தாழ்வாரத்தில், டெலிபோனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றான். உள்ளே அமிலம் ஸ்டூலில் ஏறி நின்றார். டைரக்டர் என்னிடம் சாவியைக் கேட்டார், கொடுத்தேன். பதிவேட்டைக் கேட்டார், கொடுத்தேன். "வீட்டுக்குப் போங்கம்மா" என்றார். நான் போகிற வழியில் தாழ்வாரத்தைக் கடந்தபோது மகன் பேசுவது கேட்டது.

"அவசரப்படாதீங்கண்ணே. மூச்சை விடுங்க. இன்னும் மெதுவா. தாங்கியை நிமிஷத்துக்கு ஒரு சாண் தள்ளுங்க. ஆங், அப்படித்தான். கையை மேலே கொண்டுவராதீங்க."

ஜன்னலில் அவன் நெற்றி ஒட்டியிருந்தது. என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. நானும் நிற்கவில்லை.

அதற்குப் பிறகு இருபத்தாறு நாள். பதினோரு பேரும் இரண்டு ஆள் வேலையை ஒரு ஆளாகச் செய்தார்கள். இரண்டு பேர் மயங்கி விழுந்தார்கள். மகன் காலையில் போய், நாள் முழுக்க நின்றுவிட்டு வீட்டுக்கு வருவான். பாதம் வீங்கியிருக்கும். வெந்நீர் வைத்துக் கொடுப்பேன், கால்களை அதில் வைத்துக்கொள்வான். கடிதத்தைத் திருப்பிக் கேட்டாயா என்று ஒரு நாள் கேட்டேன். "ரெண்டு பேரோடதும் ஃபைல்ல இருக்கும்னு சொல்லிட்டாங்க" என்றான். தப்பு என்னுடையது என்று நானும் ஒரு கடிதம் எழுதியிருந்தேன். யாரும் கேட்கவில்லை, நானே எழுதித் தபாலில் அனுப்பினேன்.

இருபத்தேழாம் நாள் அவன் மத்தியானமே வந்துவிட்டான். வாசலில் செருப்பைக் கழற்றாமல் நின்றான்.

"எத்தனை?" என்றேன்.

"பத்தொன்பது."

"போதுமா?"

"போதாது. ஆனா மூணுலேர்ந்து பத்தொன்பது. குழு மூணு மாசம் குடுத்திருக்கு. வாங்கறவன் இன்னொரு கட்டு கேட்டிருக்கான்." அவன் சுவரைப் பார்த்துச் சொன்னான். "என்னை இருக்கச் சொல்லிட்டாங்க. நம்ம அமிலம் அண்ணன்தான் பேசினாராம். உலைக்கு நெட்டை இல்லாம என்னால முடியாதுன்னு."

"என்னை?"

அவன் இல்லை என்று தலையை அசைத்தான். நான் எதிர்பார்த்ததுதான். இருந்தாலும் கேட்டுவிட்டேன்.

மறுநாள் குழாயடியில் வரிசையில் நின்றேன். தொழிற்சாலையில் மருமகன் வேலை செய்கிற பக்கத்து வீட்டுக்காரி எனக்கு முன்னால் இருந்தாள். குடத்தை வைத்துவிட்டுத் திரும்பினாள். நாலு பேருக்குக் கேட்கும்படியாகவே கேட்டாள்.

"ஏன்க்கா, உடையைத் தைச்சுப் போட்டு ஃபேக்டரியையே மூடப் பார்த்தது யாரோ ஒரு பொம்பளையாமே? மருமகனுக்கு ஷிஃப்ட் இல்லாம எங்க வீட்டுல ஒரு மாசமா அடுப்பே சரியா எரியல. நீங்க அங்கேதானே இருந்தீங்க, யாருன்னு தெரியுமா?"

அவளுக்குத் தெரியும். எல்லாருக்கும் தெரியும். பார்க்காததுபோல் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நான்தான்" என்றேன். "உன் குடம் நிறைஞ்சிடுச்சு, எடு."